தாது வருஷம்: குடும்ப வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

நம் வட்டத்தில் குடும்ப வரலாறு என்று பேச்செடுத்தால் முகம் சுளிப்பவர்கள் அதிகம். அதில் நியாயமும் இருக்கிறது. தமிழில் இந்தப் பெயரில் அச்சானவற்றில் பெரும்பகுதி சாதிப் பெருமை. மீதி மணிவிழா மலர். யாரோ ஒருவருடைய முப்பாட்டனார் யானை கட்டிப் போரடித்தார் என்று படித்து யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. ஆனால் இந்த முகச்சுளிப்பு ஒரு கேள்வியைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது என்று நினைக்கிறேன். குடும்ப வரலாறு யாருக்குத் தேவைப்பட்டிருக்கிறது? யார் கேட்டு அது சொல்லப்பட்டிருக்கிறது?

காலின் மெக்கன்ஸி (1754–1821) என்ற கம்பெனி சர்வேயர் தென்னிந்தியாவில் சேகரித்த சுவடிகளில் பாளையக்காரர்களின் வம்சாவளிகள் இருக்கின்றன. ஒன்றிரண்டைப் படித்தால் மற்றவற்றின் போக்கு பிடிபட்டுவிடும். மூதாதை ஒருவர் ஊர் விட்டு வருகிறார். ராஜாவின் முன்னால் ஒரு வீரச் செயல் செய்கிறார். பட்டமும் விருதும் நிலமும் பெறுகிறார். அதன்பின் தலைமுறைகள் வரிசையாக வருகின்றன. பாளையக்காரர் கிளர்ச்சிகள் 1801-ல் ஒடுக்கப்பட்டபின் எவருக்கு என்ன உரிமை என்பது கம்பெனியின் கையில் இருந்தது. அந்தக் காலகட்டத்தில் அதிகாரியின் கைக்குப் போன வம்சாவளியை வெறும் நினைவு என்று சொல்ல முடியாது. அது ஒரு மனுவும்கூட. சொல்கிறவன் கேட்கிறவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறான்.

கேட்க ஆளில்லாமலே சொல்லக்கூடியவர்களும் உண்டு. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தைத் தன்னிலிருந்து தொடங்கவில்லை. முதலில் ஊர், அடுத்து முன்னோர்கள், பிறகுதான் அவர். உத்தமதானபுரம் என்ற ஊர்ப் பெயருக்கே அவரிடம் ஒரு கதை இருந்தது. ஊர் ஓரிடத்தில் நின்றதால் கதையும் அதன்மேல் நின்றது. ஊர் விட்டுப் போனவர்கள், போன இடத்திலும் சொந்தமாக ஒரு சுவர் இல்லாதவர்கள், இவர்களுக்கு வரலாறு எதன்மேல் நிற்கும்? இப்படிப்பட்டவர்களிடமும் அதிகாரி வந்து வம்சாவளி கேட்ட சந்தர்ப்பம் ஒன்று சென்ற நூற்றாண்டில் உண்டு. அது இலங்கை மலைநாட்டில் நடந்தது. நான் அங்கே பிறந்தவன்.

2

இலங்கைக் குடியுரிமைச் சட்டம், 1948-ன் 18-ம் எண் சட்டம், அந்த வருஷம் நவம்பர் 15-ல் அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் இலங்கையில் பிறந்திருந்தாலும் அது மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்திருக்க வேண்டும். சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் பொது. பத்திரம் காட்டு என்று கேட்கப்பட்டது தோட்டத் தொழிலாளிகளிடம்.

பிரசவம் லயத்துக் காம்பராவில் நடந்தது. பதிவு என்பது யாராவது போய்ச் சொன்னால் உண்டு. பாட்டன் பிறந்ததற்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? 1949-ல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இன்னொரு வழி காட்டியது. 1946 ஜனவரி 1-க்கு முன் மணமானவர் 7 வருஷமும் மணமாகாதவர் 10 வருஷமும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். சுமார் 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1949-லேயே வாக்குரிமையும் போயிற்று. கவிஞர் ஸி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்களை 1947-ல் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் மிகப் பெரும்பாலோர் அடுத்த தேர்தலின் வாக்காளர் பட்டியலில் இல்லை.

பாளையக்காரனிடம் கேட்டதும் இதே கேள்விதான்: நீ யார், எப்போது வந்தாய், யார் மகன்? அவனுக்குக் கதை போதுமாயிருந்தது. கூலியின் கதை செல்லவில்லை. குடும்ப வரலாறு வேண்டுமா வேண்டாமா என்று நாம் ருசி சார்ந்து பேசிக்கொண்டிருக்கிற விஷயம், லட்சக்கணக்கான மனிதர்களுக்கு அரசாங்கப் படிவத்தில் நிரப்ப வேண்டிய ஓர் இடமாக இருந்தது. நிரப்ப முடியாதவன் எந்த நாட்டுக்காரனும் இல்லை என்றாயிற்று.

3

என் குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். விசேஷமான குடும்பம் ஒன்றும் இல்லை. ஒரு தகரப் பெட்டி மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். அதில் தாத்தா 1951-ல் போட்ட மனுவின் நகல், 1938-ல் பிறந்த அப்பாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், இந்தியா வரக் கொடுத்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை, ஒரு கல்யாணப் பத்திரிகை, இரண்டு போட்டோக்கள். இவை தவிர, அப்பாவின் தாயார், என் அப்பாயி, பேசியதை 1983-ல் நான் பதிவு செய்த 90 நிமிஷ கேஸட் ஒன்று.

தாத்தாவின் மனு ஆங்கிலத்தில் இருக்கிறது. யாரோ குமாஸ்தா எழுதியது; கீழே தாத்தாவின் கைநாட்டு. பிறந்த இடம் இந்தியா, திருச்சினாப்பள்ளி ஜில்லா. இலங்கைக்கு வந்த வருஷம் 1936. மனு தள்ளுபடி ஆயிற்று.

எங்கள் வீட்டில் தலைமுறைகளாகப் புழங்கிய வாசகம் ஒன்று உண்டு: “தாது வருஷத்துல கடல் தாண்டுனோம்.” தாத்தா இதைத்தான் குமாஸ்தாவிடமும் சொல்லியிருக்க வேண்டும். தமிழ் வருஷங்களின் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1936–37 ஒரு தாது. அதற்கு முந்தைய தாது 1876–77, தாது வருஷப் பஞ்சம் என்று தென்னாடு முழுக்கப் பெயர் சொல்லும் வருஷம். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் 1951-ல் எதிரே நின்று “தாது வருஷத்தில் வந்தோம்” என்றால், குமாஸ்தா கிட்டத்தில் இருந்த தாதுவைத்தான் எடுத்துக்கொள்வார். ‘வந்தோம்’ என்பதில் இருக்கும் தன்மைப் பன்மையில் யார் யார் அடக்கம் என்று எழுதப் படிவத்தில் இடம் கிடையாது. தாத்தா குடும்பத்தைச் சொன்னார். குமாஸ்தா ஆளை எழுதினார்.

எந்தத் தாது என்பதற்கு அப்பாயியின் பேச்சில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். 1936-ல் போயிருந்தால் மண்டபம் முகாம், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து 1914 முதல் ஓடிய கப்பல், தலைமன்னார், மறுபடி ரயில் என்று போயிருப்பார்கள். அப்பாயி தன் மாமியாரிடம் கேட்டுச் சொன்னதில் முகாமும் இல்லை, ரயிலும் இல்லை. தோணி வருகிறது. மன்னார்ப் பக்கத்துக் காடு வருகிறது. மாத்தளை வரைக்கும் நடை. பூட்டன் அப்போது சிறு பையன். அவருடைய தங்கச்சியை வழியில் விட்டுவிட்டு வந்தது.

இதை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிட முடியாது. நடை எல்லோருக்கும் பொதுவான சொத்து. மலைநாட்டு ஒப்பாரிகளிலும் தாலாட்டுகளிலும் பழைய காலத்துப் பயணம் ஏறிவிட்டது. ஒரு குடும்பம் நடந்த நடை மெல்ல எல்லாக் குடும்பங்களின் நடையாகிவிடும். கப்பலில் போனவன் பேரனும் தன் பாட்டன் நடந்தே போனான் என்று நம்பிச் சொல்லக்கூடும். அதில் பொய் இல்லை. ஆனால் அதற்கு வருஷம் கிடையாது.

எனக்கு நம்பிக்கை தந்தது வேறொரு வாக்கியம். மாமியார் காலத்துக் கூலி பற்றிப் பேசிக்கொண்டு வரும்போது அப்பாயி போகிற போக்கில் சொல்கிறார்: “பழம் பொறுக்கத்தான் கூட்டியாந்தாக. கொழுந்தெல்லாம் பெறகு.” பழம் என்றால் கோப்பிப் பழம். இலங்கையில் கோப்பி இலைநோய் தென்பட்டது 1869-ல். 1880-களில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து அந்த மலைகளில் தேயிலை ஏறியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867-ல்தான். ஆக, பஞ்ச வருஷத்தில் போன பையன் பழம் பொறுக்கியிருக்க முடியும். 1936-ல் பழம் பொறுக்க யாரும் யாரையும் கடல் தாண்டிக் கூட்டிப் போகவில்லை.

இந்த வாக்கியம் பெருமைக்கும் உதவாது, துக்கத்துக்கும் உதவாது. பாட்டில் ஏறாது. கேட்கிறவனை மகிழ்விக்க யாரும் இதைப் புனைய மாட்டார்கள். என் பார்வையில் இதன் மதிப்பு அதில்தான் இருக்கிறது. வருஷம் கேட்டால் தவறிப்போகிற ஞாபகம், கை செய்த வேலையைக் கேட்டால் தவறுவதில்லை.

சரி, மனுவில் 1876 என்று எழுதியிருந்தால் குடியுரிமை கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. பத்திரம் கேட்டவர்களிடம் பழத்தைக் காட்டி என்ன ஆகும்? நஷ்டம் வேறிடத்தில் நேர்ந்தது. அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மனுவை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள். வாசித்ததை நம்பினார். 1964 அக்டோபர் 30-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். மனு எந்தப் பக்கம் போடுவது என்ற பேச்சு ஒவ்வொரு காம்பராவிலும் நடந்தது. எங்கள் காம்பராவில் அப்பா முடிவு செய்தார். நாமே 36-ல் வந்தவர்கள்தானே, நமக்கு இங்கே என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். 1974-ல் வந்து இறங்கினோம். இங்கே யார் கேட்டாலும் “36-ல போனோம், 74-ல வந்தோம்” என்பார். நூறு வருஷம் அவர் வாயிலேயே முப்பத்தெட்டு வருஷமாகச் சுருங்கிவிட்டது. ஏதோ நீண்ட விருந்துக்குப் போய்த் திரும்பியவர்போல அதைச் சொல்வார்.

வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஒரு தேதியை மட்டும் வைத்து ஒருவன் நாடு விட்டு நாடு போக மாட்டான். ஆனால் அரசாங்கத்தின் கணக்கு குடும்பத்தின் ஞாபகமாக மாறியது எப்படி என்பதை என் கண்முன் பார்த்தேன். அதே வீட்டில், அடுப்படியில், மற்ற ஞாபகம் உட்கார்ந்திருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. சட்டம் வம்சத்தை ஆண் வழியாக எண்ணியது. வம்சத்தின் கதையோ மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, அதாவது வேறு வீடுகளிலிருந்து வந்து சேர்ந்த பெண்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள நிலைமை என்று நான் நினைக்கவில்லை.

அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு 2003-ன் 35-ம் எண் சட்டம் ஒருவாறு வழி செய்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவரும் அவர் வழிவந்தவரும் குடிமக்கள் என்றது. பாட்டன் எங்கே பிறந்தான் என்ற கேள்வியை அது கேட்கவில்லை. கேட்காமலே தீர்த்திருக்கக்கூடிய விவகாரம் தீர 55 வருஷம் ஆயிற்று.

4

பத்திரம் பொய், பாட்டி சொன்னதே மெய் என்ற முடிவுக்கு யாராவது இங்கிருந்து தாவினால் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாய்மொழியைப் புனிதப்படுத்துவது இன்று ஒரு மோஸ்தர்.

அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ 1976-ல் வந்தது. அமெரிக்கக் கறுப்பர் குடும்பம் ஒன்று, பாட்டிமார் காத்துவந்த சில அந்நியச் சொற்களைப் பிடித்துக்கொண்டு, ஆப்பிரிக்க மூதாதையைக் கண்டடைவதாகச் சொன்ன புத்தகம். அந்தச் சொற்கள் மாண்டிங்கா மொழியைச் சேர்ந்தவை என்று ஹேலிக்குச் சுட்டிக்காட்டியவர் யான் வான்ஸினா, வாய்மொழி மரபை வரலாற்றுச் சான்றாக எப்படிச் சோதிப்பது என்று 1961-லேயே புத்தகம் எழுதியவர். ஹேலி காம்பியாவில் ஜுஃபுரே கிராமத்துக்குப் போனார். அங்கே ஒரு முதியவர் குண்டா கிண்டேயின் கதையைச் சொன்னார். 1977-லேயே சந்தேகம் கிளம்பியது. ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது கிராமத்துக்கு முன்னமே தெரிந்திருந்தது. முதியவர் மரபு வழியில் பயின்ற கதைசொல்லியும் இல்லை என்று விசாரித்தவர்கள் எழுதினார்கள். அமெரிக்கப் பகுதியின் ஆவணங்களிலும் வம்சாவளி நிபுணர்கள் ஓட்டைகள் கண்டார்கள்.

இதனால் ‘ரூட்ஸ்’ செய்த காரியம் இல்லாமல் போய்விடவில்லை. அடிமை வியாபாரம் பெயர்களை அழித்தது என்ற உண்மை அப்படியே இருக்கிறது. கவனிக்க வேண்டியது வேறு. மெக்கன்ஸியின் ஆள் கேட்டபோது பாளையக்காரன் என்ன செய்தானோ அதையே ஜுஃபுரேயும் செய்தது. வந்தவர் விரும்பியதைக் கொடுத்தது. அதிகாரி கேட்டாலும் அன்போடு பேரன் கேட்டாலும் கேள்விக்கு ஒரு கனம் உண்டு. கனம் அதிகமானால் பதில் அந்தப் பக்கம் சாயும். நம் பாட்டிகளும் நமக்குப் பிடித்ததைச் சொல்வதில் தேர்ந்தவர்கள்.

5

எழுதுகிறவர்கள்தான் இந்த விஷயத்தில் மோசமான காப்பாளர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் ஒரு குடும்பக் கதை கிடைத்தால் அதற்கு முடிவு தேடுகிறோம். முரண்படும் இரண்டு பாடங்களில் நன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறோம். பாட்டியின் “பெறகு” நம் கையில் “பிறகு” ஆகி, கொஞ்ச நேரத்தில் “காலப்போக்கில்” ஆகிவிடுகிறது. கதை அச்சானபின் வீட்டில் எல்லோரும் அச்சானதையே சொல்ல ஆரம்பிக்கிறார்கள். குமாஸ்தா செய்ததை இன்னும் அழகாகச் செய்துவிடுகிறோம். கதை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதுமுன் கேட்டதைக் கேட்டபடி ஒரு பிரதி தனியே எழுதி வைத்துவிட்டு எழுதலாம்.

அந்தப் பிரதியை எப்படித் தயாரிப்பது என்பது எனக்கு அனுபவத்தில் படிந்தது. எந்த வருஷம் என்று கேட்டால் பெரியவர்கள் திகைக்கிறார்கள், அல்லது நம் உதவிக்கு ஒரு வருஷத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். என்ன வேலை, எவ்வளவு கூலி, எதில் சமைத்தீர்கள், பிள்ளை எங்கே பிறந்தது, யார் தொப்புள்கொடி அறுத்தது என்று கேட்டால் வேறு குரலில் பேசுகிறார்கள். வருஷத்தைப் பிறகு நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம். 1942 ஏப்ரலில் கொழும்பில் ஜப்பான் குண்டு போட்டதற்கு முன்னா பின்னா, 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்த புயலுக்கு முன்னா பின்னா என்று நிறுத்திப் பார்க்கலாம். வருஷப் பெயர் சொன்னால் எந்தச் சுற்று என்று பார்க்காமல் எண் போடக் கூடாது.

சொன்னவருக்கு யார் சொன்னது என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். அப்பாயி பார்த்தது எது, மாமியாரிடம் கேட்டது எது என்று பிரியாவிட்டால் அந்த 90 நிமிஷமும் ஒரே மங்கலாகிவிடும். நம் கேள்வியையும் எழுத வேண்டும், பதிலை மட்டும் எழுதினால் அது யாரைப் பார்த்துச் சொன்னது என்று தெரியாது. பெயரிலும் எச்சரிக்கை தேவை. பேரன் என்ற சொல்லே பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்பதுதான். ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். யார் மகன், எந்த ஊரில் இருந்தவன் என்று சேர்த்து எழுதாவிட்டால் இரண்டு மனிதர்கள் ஒருவராகிவிடுவார்கள். போட்டோவின் பின்புறம் மெல்லிய பென்ஸிலில் பெயர் எழுதி வைக்கலாம். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். கேஸட் நாடா பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். நான் என்னுடையதைக் கேட்டு முழுக்கக் கையால் எழுதியபின் கம்ப்யூட்டரிலும் மாற்றி இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். இன்று எல்லோர் கையிலும் இருக்கும் போனில் பதிவு செய்வது சுலபம்; போன் போனால் அதுவும் போயிற்று. கடைசியில் நம்பத்தக்கது தாளும், தாளைப் படித்த இன்னொரு மனிதனும்.

குப்பை என்று எதையும் எறிவதற்கு முன் யோசிக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகங்களோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். அவருக்குப்பின் அந்தச் சேகரம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. எங்கள் பெட்டியில் இருக்கும் ஒற்றைக் கல்யாணப் பத்திரிகையில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், இரு வீட்டாரின் பூர்வீக ஊர், தாய்மாமன் பெயர் எல்லாம் அச்சாகியிருக்கின்றன. அரசாங்கம் கேட்காமல், தங்களுக்குத் தாங்களே அந்த ஜனங்கள் தயாரித்துக்கொண்ட ஒரே பத்திரம் அது. பெண் பெயரும் பெண் வீட்டு ஊரும் அதில் மட்டும்தான் இருக்கின்றன.

முரண்பாடுகளைத் தீர்க்கக் கூடாது என்பது என் கட்சி. தாத்தாவின் மனுவில் 1936 என்று இருப்பதை நான் அடிக்கவில்லை. அதோடு ஒரு தாளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். அதில் அப்பாயி சொன்ன பழம் பற்றிய வாக்கியமும், அவருக்கு அதைச் சொன்னவர் யார் என்பதும், நான் கேட்ட கேள்வியும், பதிவு செய்த வருஷமும் இருக்கின்றன. அப்பாவின் “36-ல போனோம், 74-ல வந்தோம்” என்பதும் இருக்கிறது. அவர் நம்பியதும் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவம்தான். பின்னால் வருகிறவன் என்னைவிட அதிகம் தெரிந்தவனாக இருக்கலாம். அவன் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

வழியில் விடப்பட்ட அந்தத் தங்கச்சியைப் பற்றியும் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பேதியில் போய்விட்டாள், கல் அடுக்கிவிட்டு வந்தார்கள் என்பது அப்பா கேள்விப்பட்டது. நடக்க முடியாமல் மன்னார்ப் பக்கம் ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள், திரும்பிப் போய்க் கூப்பிட முடியவில்லை என்பது என் அத்தை கேள்விப்பட்டது. கேஸட்டில் அப்பாயி “விட்டுட்டு வந்தாக” என்று மட்டும்தான் சொல்கிறார். தமிழில் அந்தச் சொல் இரண்டுக்கும் பொருந்தும். நான் மறுபடி கேட்கிறேன். அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்கிறது. பிறகு வேறு பேச்சு. இரண்டாவது பாடம் உண்மையானால் அங்கே எங்கோ எங்களுக்கு உறவுக்காரர்கள் இருப்பார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எதிலும் இல்லை. எழுதும்போது அந்த இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.